தலையணை வெளுக்கும் குறிப்பு: ஒரு திருத்தம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில், மஞ்சள் படிந்த தலையணைகளை வீட்டிலேயே வெளுப்பது பற்றி ஒரு குறிப்பு வெளியாகியிருந்தது. ஒரு வாளிக் கொதிநீரில் சமையல் சோடா ஒரு கிண்ணம், வினிகர் ஒரு கிண்ணம், கடையில் விற்கும் வெளுப்புத் திரவம் ஒரு கிண்ணம் என்று மூன்றையும் ஒன்றாகக் கலந்து, எந்தத் தலையணையாக இருந்தாலும் அதில் ஒரு மணி நேரம் அமுக்கி வைத்தால் வாங்கிய அன்று இருந்ததுபோல் ஆகிவிடும் என்பது அதன் சாரம். அந்தக் குறிப்பு தவறானது மட்டுமன்றி ஆபத்தானதும் ஆகும். அதைத் திருத்தி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்தில், நவக்கிரகத் தலங்களுக்கு வரும் யாத்திரிகர்கள் தங்கும் சிறு விடுதி ஒன்றை 26 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். 14 அறைகள், கைவசம் எப்போதும் ஐம்பது அறுபது தலையணைகள் இருக்கும். அவற்றைத் துவைப்பதும் வெளுப்பதும் உலர்த்துவதும் எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே நடக்கின்றன. துணி துவைத்துத் தரும் அக்கா பதினெட்டு ஆண்டுகளாக எங்களோடு இருக்கிறார். தங்கள் குறிப்பைப் படித்துவிட்டு, மறுநாள் காலையில் என்னிடம் சொல்லாமலே அதைச் செய்து பார்த்தவர் அவர்தான். வெந்நீரின் சூடு ஆறிவிடக் கூடாதே என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாளிக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, மூன்றையும் ஊற்றிக் கலக்கியிருக்கிறார். இருமல் சத்தம் கேட்டு நாங்கள் கதவைத் திறந்தபோது அவரால் எழுந்திருக்க முடியவில்லை. கண்களிலிருந்து நீர் வழிய, மூச்சை இழுக்கவும் விடவும் இயலாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். திண்ணைக்குத் தூக்கி வந்து, கண்களைத் தண்ணீரால் நெடுநேரம் கழுவி, 108 வண்டியை அழைத்து மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டு நாள் உயிர்வாயு வைத்தார்கள். வீடு திரும்பிய பிறகும் இரண்டு வாரத்துக்கு மாடிப்படி ஏறினாலே அவருக்கு இருமல் வந்தது.

அந்த வாளியில் என்ன நடந்தது என்பதை மருத்துவர் விளக்கினார். வெளுப்புத் திரவத்தில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். வினிகர் ஓர் அமிலம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்புகிறது, வெந்நீர் அதை இன்னும் விரைவுபடுத்துகிறது. குளோரின், காற்றைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது என்பதால் அது மேலே எழாமல் தரையை ஒட்டியே தேங்கி நிற்கும். நம் ஊர்ப் பெண்கள் குந்தி உட்கார்ந்தே துவைக்கிறார்கள்; அவர்கள் மூக்கு இருக்கும் உயரத்தில்தான் அந்த வாயு நிற்கிறது. வினிகருக்குப் பதில் எலுமிச்சைச் சாறு ஊற்றினாலும், கழிப்பறை கழுவும் அமிலம் சிறிது தவறி விழுந்தாலும் இதே கதிதான். மழைக்காலத்தில் தெருவில் தூவும் பிளீச்சிங் பவுடரும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. வெளுப்புத் திரவத்தைத் தண்ணீரைத் தவிர வேறு எதனோடும் சேர்க்கலாகாது என்ற ஒரு வரி அந்தக் குறிப்பில் இருந்திருந்தால், எங்கள் அக்கா அந்த இரண்டு நாளைப் படுக்கையில் கழித்திருக்க மாட்டார்.

குறிப்பின் மற்றொரு பகுதி ஆபத்தில்லாதது, ஆனால் வீண். சமையல் சோடா காரம், வினிகர் அமிலம். ஒன்றாகக் கலந்தால் ஒன்றை மற்றொன்று தின்றுவிடும். பொங்கிவரும் நுரையைப் பார்த்து அழுக்கு வெளியேறுகிறது என்று நினைக்கிறோம். அது வெறும் கரியமில வாயு. பொங்கி அடங்கிய பின் வாளியில் மிஞ்சுவதற்கு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் வலு கிடையாது.

தலையணையில் படியும் மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மருந்தும் தெரிந்துவிடும். வியர்வை, எச்சில், தோலில் ஊறும் கொழுப்பு, தலைக்குத் தேய்த்த எண்ணெய் ஆகிய அனைத்தும் உறையைத் தாண்டி உள்ளே இறங்குகின்றன. இறங்கிய கொழுப்பு நாள்பட நாள்படக் காற்றோடு சேர்ந்து முதலில் இளமஞ்சளாகவும் பின்பு தேன்நிறமாகவும் மாறுகிறது. எங்கள் விடுதியில் இதைச் சனிக்கிழமைகளில் கண்கூடாகப் பார்க்கலாம். திருநள்ளாற்றில் நளதீர்த்தத்தில் நல்லெண்ணெய் தேய்த்து நீராடிவிட்டு, எண்ணெய் முழுவதும் போகாத தலையோடு வந்து படுக்கும் அன்பர்களின் தலையணைகள், மற்ற அறைத் தலையணைகளைவிட இரண்டு மடங்கு விரைவில் மஞ்சளாகின்றன. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை, வேண்டுதலோடு வந்தவர்கள். அந்த அறைகளில் மட்டும் உறையின் மேல் கனமான பருத்தித் துண்டு ஒன்றை மடித்துப் போட்டுவிடுகிறோம். உறைக்கும் தலையணைக்கும் நடுவே ஜிப் வைத்த பருத்தி உள்ளுறை ஒன்றையும் போட்டு, இரண்டையும் வாரம் ஒருமுறை மாற்றினால் பாதி வேலை மிச்சமாகும்.

2016 பிப்ரவரியில் மகாமகம் நடந்தபோது, ஒரே வாரத்தில் எங்களிடம் இருந்த தலையணைகள் அனைத்தும் அழுக்காகிவிட, காவிரிக்கரையில் பரம்பரையாக வெளுப்புத் தொழில் செய்த பெரியவர் ஒருவரிடம் போய் நின்றேன். "அம்மா, எண்ணெய் போகாமல் வெளுப்பு ஏறாது. முதலில் எண்ணெயை எடுங்கள், வெளுப்பு தானாக வரும்" என்றார் அவர். வெள்ளாவி வைக்கும் முறையை அன்றுதான் முழுமையாகக் கேட்டறிந்தேன். உவர்மண் கரைத்த நீரில் துணியை முக்கி எடுத்து, பானையின் மேல் அடுக்கி இரவு முழுவதும் ஆவியில் வேகவைத்து, விடிந்ததும் ஆற்றில் அலசி, ஈரத்தோடு மணலில் விரித்து, காயக் காய நீர் தெளிப்பார்களாம். உவர்மண்ணில் இயல்பாகவே இருக்கும் காரமும் நாம் மளிகைக் கடையில் வாங்கும் வாஷிங் சோடாவும் ஒன்றுதான். அந்தக் காரம் சூட்டோடு சேர்ந்து பழைய எண்ணெயைச் சவர்க்காரம்போல் ஆக்கிக் கரைத்துவிடுகிறது. எஞ்சிய நிறத்தை ஈரமும் வெயிலும் காற்றும் எடுத்துவிடுகின்றன. முதலில் காரம், பிறகு வெளுப்பு என்ற அந்த வரிசையில் ஒரு நியாயம் இருக்கிறது. தங்கள் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டி அந்த நியாயத்தைக் குலைத்துவிட்டது.

"எந்தத் தலையணையாக இருந்தாலும்" என்ற சொற்களும் எனக்கு வருத்தமளித்தன. நம் பகுதி வீடுகளில் இன்றும் இலவம்பஞ்சுத் தலையணைகள் இருக்கின்றன. போடிநாயக்கனூர்ப் பக்கத்துப் பஞ்சு என்று சொல்லித் தெருவில் விற்று வருவார்கள், பெண்ணுக்குச் சீர் வைக்கும்போது மெத்தையோடு சேர்த்துத் தைத்துக் கொடுப்பார்கள். இலவம்பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே கூடானது, மேலே மெழுகுப் பூச்சுடையது. அதனால்தான் அது தண்ணீரில் மிதக்கும், முன்காலத்தில் உயிர்காப்பு மிதவைகளில் அதை அடைத்தார்கள். அதை வெந்நீரில் அமுக்கிக் கசக்கினால் இழைகள் ஒடிந்து கட்டிதட்டிப்போகும். மறுபடி அந்த மென்மை வராது. தாய்வீட்டுத் தலையணை ஒன்றை இப்படித்தான் நானும் பாழாக்கினேன்.

இலவம்பஞ்சுத் தலையணையில் மஞ்சளாவது பெரும்பாலும் மேலே உள்ள மெத்தைத் துணிதான். ஆகவே துணியை மட்டும் துவைத்தால் போதும். ஓரத் தையலை ஒரு சாண் அளவுக்குப் பிரித்து, அந்த வாயோடு கொசுவலைத் துணியில் தைத்த ஒரு பையின் வாயைச் சேர்த்து நூலோட்டிவிட்டு, பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பைக்குள் தள்ள வேண்டும். இப்படிச் செய்தால் பஞ்சு வீடெங்கும் பறக்காது. மின்விசிறியை நிறுத்திவிட்டு மூக்கைத் துணியால் கட்டிக்கொள்வது அவசியம். பஞ்சுப் பையை இரண்டு நாள் வெயிலில் போட்டுப் புரட்டி, பிரம்பால் மெல்லத் தட்டினால் பழைய வாடை போய்ப் பஞ்சு உப்பிவிடும். பருத்திப்பஞ்சுக்கும் ஏறக்குறைய இதே வழிதான். அது கெட்டியாகிவிட்டால் பஞ்சு அடிப்பவரிடம் கொடுத்து மறுபடி அடித்துக்கொள்ளலாம். கோடையில் பாபநாசம், வலங்கைமான் பக்கங்களில் பருத்தி எடுக்கும் நம் பகுதியில், பஞ்சு அடித்துத் தருபவரைத் தேடி அலைய வேண்டியிருப்பது எனக்குக் கவலை தருகிறது.

முழுத் தலையணையாகவே தண்ணீரில் போடத்தக்கது, இப்போது கடைகளில் மிகுதியாக விற்கும் பாலியஸ்டர் நார்த் தலையணை. பாலியஸ்டருக்கு எண்ணெயை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. ஆகவே பெரியவர் சொன்ன வரிசை இதற்கு இன்னும் பொருந்தும். கை பொறுக்கும் சூட்டில் 15 லிட்டர் தண்ணீர் எடுத்து, அதில் வழக்கமான சோப்புத்தூள் இரண்டு மேசைக்கரண்டியும் வாஷிங் சோடா மூன்று மேசைக்கரண்டியும் நன்றாகக் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, ஒரு தலையணையை அதில் முழுவதும் மூழ்கும்படி ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது. நார் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். சப்பாத்தி மாவைப் பிசைவதுபோல் இரு உள்ளங்கைகளாலும் அமுக்கி அமுக்கி விட வேண்டும். முதல் தண்ணீர் வடிகஞ்சிபோல் கலங்கி, தேநீர் நிறத்தில் இறங்கும். தண்ணீரை மாற்றி, நிறம் தெளியும்வரை இன்னும் ஒருமுறையோ இருமுறையோ செய்யலாம். சலவை இயந்திரத்தில் போடுவதானால் இரண்டு தலையணைகளாகப் போட்டால் தொட்டி ஒரு பக்கம் சாயாமல் சுற்றும்.

எண்ணெய் போன பிறகுதான் வெளுப்புக்கு வர வேண்டும். அதற்கு நான் பயன்படுத்துவது ஆக்சிஜன் பிளீச் என்ற பெயரில் விற்கும் சோடியம் பெர்கார்பனேட் தூள். வெந்நீரில் கரைந்தால் அது ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் வாஷிங் சோடாவாகவும் பிரிகிறது. குளோரின் அதில் இல்லை. பொட்டலத்தில் சொல்லியுள்ள அளவில் கரைத்து மூன்று நான்கு மணி நேரம் ஊறவிடலாம். அது கிடைக்காவிட்டால் மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கலாம். 20 வால்யூம் என்று சீட்டில் போட்டிருந்தால் அது ஏறக்குறைய 6 சதவீதம் என்று பொருள். அரை வாளி வெதுவெதுப்பான நீருக்கு 100 மில்லி அளவும் ஒரு கரண்டி வாஷிங் சோடாவும் போதும். கலந்ததை அன்றே பயன்படுத்திக் கொட்டிவிட வேண்டும். மூடியிட்ட புட்டியில் வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து புட்டி வெடிக்கக்கூடும். இவற்றோடும் வினிகரையோ குளோரின் திரவத்தையோ கலக்க வேண்டாம். கடைசியாக, நுரை அறவே நிற்கும்வரை நான்கைந்து தண்ணீரில் அலச வேண்டும். உள்ளே தங்கும் சோப்பு அழுக்கை இழுத்து மறுபடி மஞ்சளாக்கும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாவில் பலருடைய முயற்சி தோற்பது இங்கேதான். எங்கள் விடுதியில் 2009-இல் ஆழ்துளைக் கிணறு போட்ட பிறகு, குளோரின் வெளுப்புத் திரவத்தில் ஊறவைத்த உறைகளும் தலையணைகளும் வெளுப்பதற்குப் பதிலாக ஒரே சீராகப் பழுப்பேறின. திரவம் போலியோ என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனேன், அவர்மீது தவறில்லை. வாளியில் இரவு முழுவதும் பிடித்துவைத்த தண்ணீரில் காலையில் செம்பழுப்பாக ஆடை படிந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் இரும்பை வெளுப்புத் திரவம் துருவாக மாற்றி நூலிழையிலேயே படியவைக்கிறது. அதோடு உப்பும் கடினத்தன்மையும் மிகுந்த நீரில், சோப்பு நுரைக்காமல் சாம்பல்நிறப் படிவாக ஒட்டிக்கொள்ளும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். துரு ஏறிய துணியை, வெளுப்புத் திரவத்தின் வாடையே இல்லாதபடி முழுவதும் அலசிக் காயவைத்த பிறகு, தனியாக எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் ஊறவைத்தால் பெரும்பகுதி போய்விடும். முதல் அழுக்கை எடுக்க ஆழ்துளைக் கிணற்று நீர் போதும். வெளுப்பதற்கும் கடைசி அலசலுக்கும் மட்டுமாவது குழாயில் வரும் குடிநீரைத் தனியே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் அனுபவம்.

சொட்டு நீலம் போட்டால் மஞ்சள் போகாது. நீல நிறம் அதை மறைக்கிறது, அவ்வளவுதான். எண்ணெய் எடுக்காத தலையணையில் நீலம் போட்டால் பச்சை கலந்த திட்டுத் திட்டாகத் தெரியும். மஞ்சள் பூசிக்கொள்ளும் பெண்களின் தலையணைக் கறை வேறு வகை. அது சோப்புப் பட்டதும் சிவந்து பயமுறுத்தும். பதற வேண்டியதில்லை, இரண்டு நாள் நல்ல வெயிலில் அதுவே மங்கிவிடும்.

இனி உலர்த்துவது. துவைப்பதைவிட இதுவே கடினம், துவைப்பதைவிட இதுவே முக்கியம் என்பது என் கருத்து. மேற்புறம் காய்ந்து உள்ளே ஈரம் நின்ற தலையணையில் பூஞ்சை பிடிக்கும். அதில் தலைவைத்துப் படுப்பவருக்குத் தும்மலும் இழுப்பும் வரும். தை பிறந்ததிலிருந்து பங்குனி முடியும்வரை காற்றும் வெயிலும் சேர்ந்து இருக்கும் நாட்களே இதற்கு ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தலையணையை நனைக்கவே கூடாது. மார்கழிப் பனியில் இரவில் வெளியே விடக் கூடாது. கொடியில் தொங்கவிட்டால் நார் கீழே இறங்கிவிடும் என்பதால், கயிற்றுக் கட்டிலின் மேல் படுக்கைவாட்டில் வைத்து, மேலும் கீழும் காற்றுப் படும்படி, மணிக்கொருமுறை புரட்டி, உள்ளே கட்டிதட்டும் நாரை விரல்களால் பிரித்துவிட வேண்டும். காய்ந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம்: துவைப்பதற்கு முன்பே தராசில் எடைபோட்டுச் சுவரில் எழுதிவைத்துவிடுவோம், இரண்டு நாள் வெயிலுக்குப் பிறகு மறுபடி எடைபோட்டு, 50 கிராம் கூடுதலாக இருந்தாலும் மூன்றாம் நாளும் வெயிலில் போடுவோம்.

ஃபோம் தலையணைகளுக்கு இந்த வெயிலே எதிரி. அதில் காணும் மஞ்சளில் ஒரு பகுதி அழுக்கே இல்லை. வெளிச்சமும் காற்றும் பட்டு அந்த ஃபோமே நிறம் மாறுகிறது, அதை எதனாலும் திருப்ப முடியாது. ஈரத்துணியால் துடைத்து நிழலில் காற்றாட வைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாக மடித்து விட்டால் திரும்ப நிமிராத நார்த் தலையணையையும், கரும்பூஞ்சை ஏறியதையும் விட்டுவிடலாம். ஆனால் போகியன்று தெருமுனையில் அவற்றைக் கொளுத்துவதை நான் வன்மையாக ஆட்சேபிக்கிறேன். பாயும் பழந்துணியும் எரிந்த காலம் வேறு. இன்று எரிவது பாலியஸ்டரும் ஃபோமும். அந்தக் கரும்புகை விடியற்காலைப் பனியோடு கலந்து பச்சிளங்குழந்தைகள் உறங்கும் வீடுகளுக்குள் நுழைகிறது.

ஆகவே தங்களிடம் நான் கேட்பவை இரண்டு. முதலாவதாக, சென்ற மாதக் குறிப்புக்கான திருத்தத்தை, அது வெளியான அதே மகளிர் பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிட வேண்டும்; உள்பக்க மூலையில் இரண்டு வரியாக வந்தால், குறிப்பைப் படித்தவர்களில் பாதிப் பேர் கண்ணில் அது படாது. இரண்டாவதாக, வீட்டில் புழங்கும் வேதிப்பொருள்களைப் பற்றிய குறிப்பு எதுவாயினும், எதனோடு எதைச் சேர்க்கக் கூடாது என்ற வரி இல்லாமல் அச்சேறக் கூடாது என்பதைத் தங்கள் ஆசிரியர் குழுவுக்கு ஒரு நிலையான விதியாக ஆக்க வேண்டும். தலையணை தயாரிப்பவர்களும் உள்ளே அடைத்திருப்பது என்ன, அதைத் தண்ணீரில் போடலாமா என்பதைத் தமிழில் அச்சிட்டுத் தைத்துத் தருமாறு தாங்கள் ஒரு தலையங்கத்தில் வலியுறுத்தினால், என்னைப் போன்றவர்கள் மிகவும் கடமைப்பட்டிருப்போம்.

எங்கள் அக்கா இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டார். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர்; மதியச் சாப்பாட்டுக்குப் பின் தங்கள் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிப்பவர்; அச்சில் வந்தது பொய்யாக இருக்காது என்று நம்பித்தான் அன்று அந்த வாளியைக் கலக்கினார். திருத்தம் வெளிவரும் நாளில் அதை அவரே வாசிப்பார். வாசித்தபின் அந்தப் பக்கத்தை வெட்டி, துவைக்கும் கல்லுக்கு எதிரே சுவரில், எடைக் கணக்கு எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
யாத்திரிகர் விடுதி நடத்தும் வாசகி,
கும்பகோணம்.